தலைவிக்கும் தீக்கும் நடுவுல

மார்ச் 9

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

"அவர்களுக்கு"ன்னு போட்டதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும், சந்தோஷம். என் நம்பரை உங்க ஃபோன்ல தடுத்து வெச்சிருக்கீங்க. அண்ணன் ஃபோன்ல கூப்பிட்டா, "அவ குளிக்கிறா"ங்கறான். காலையில கூப்பிட்டாலும் குளியல், மதியம் கூப்பிட்டாலும் குளியல். ஊர்ல இவ்வளவு சுத்தமான டிரைவிங் மாஸ்டர் வேற யாரும் இருக்க மாட்டாங்க.

ஆனா நான் எழுதறது அதுக்காக இல்ல, நம்ம சட்டத்துக்காக. கழுத்தறுப்பு குழு புது ஆல்பம் போட்டா, முதல் தடவை கேட்டு முடிச்சதும், ரெண்டாவது தடவை கேட்கிறதுக்கு முன்னாடி, மனசுல பட்டதைக் காகிதத்துல எழுதி மத்தவங்க கையில கொடுக்கணும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. சட்டம் போட்டது நீங்க. வேலை கிடைச்சு நான் இந்த ஊருக்கு வந்த பிறகும் தபால்ல அதைக் காப்பாத்தினோம். இது அவங்களோட கடைசி ஆல்பம். அடுத்த மாசக் கடைசியில இங்க ஒரு கச்சேரி, அதோட கடையைக் கட்டறாங்க. காட்டுக் கத்தல் கத்திப் பாடற ஒரு பங்க் குழு இத்தனை வருஷம் அடிச்சுக்காம ஒண்ணா இருந்ததே அதிசயம்னு பத்திரிகையில போட்டிருந்தான். நம்ம சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் சட்டம்தான்.

ஆல்பம் பேரு "ஆளை விடுங்க". அட்டையில நாலு பேரும் முதுகைக் காட்டிட்டு நடக்கிறாங்க. டிரம் அடிக்கிற உலக்கை மட்டும் திரும்பிப் பார்க்கிறார், குச்சியால காது குடைஞ்சுக்கிட்டு. கடைசி ஆல்பத்தைப் பெரிய ரெக்கார்டாத்தான் வாங்கணும்னு பேசி வெச்சிருந்தோமே, அதே மாதிரி வாங்கினேன். போட்டுக் கேட்க மெஷின் இல்ல. கீழ் வீட்டுப் பல் டாக்டர் தூக்கம் வர்றதுக்காகப் பாட்டு கேட்கிறவர், அவர்கிட்ட இரவல் வாங்கினேன். ஜன்னல் திரையை இழுத்து விட்டு, தரையில படுத்து, காலைத் தூக்கிச் சுவர்ல வெச்சு, முறைப்படி கேட்டேன். பக்கத்துல உங்க கால் இல்லாதது ஒரு மாதிரி இருந்துச்சு.

அண்ணி, அவங்க மாறிட்டாங்க. மில் சங்கு மாதிரி கத்துறதாலதானே நாம பாடற அந்தம்மாவுக்குச் சங்குன்னு பேரு வெச்சோம்? அந்தக் குரல் இப்ப இல்ல. ஜலதோஷம் பிடிச்ச நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கு. முதல்ல பதறிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, இது வேணும்னே செஞ்சது. முதல் பாட்டு "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்". ஃபோன்ல காக்க வைக்கிறவங்களைத் திட்டற பாட்டு. பழைய கழுத்தறுப்பா இருந்தா மூச்சு விடாமத் திட்டித் தீர்த்திருப்பாங்க. இங்க ஒவ்வொரு வசவையும் எடுத்து, துடைச்சு, மேசை மேல வைக்கிறாங்க. "லிஃப்ட் வேலை செய்யவில்லை" பாட்டுல உலக்கையோட ஒவ்வொரு அடியும், முட்டி வலியோட மாடிப்படி ஏறி வர்ற ஆளோட கால் சத்தம். ஓடினவங்க நடக்கக் கத்துக்கிட்டாங்க. பங்க் இசைக்கு முதுமை இவ்வளவு கம்பீரமா வரும்னு நான் நினைக்கவே இல்ல. கேட்டு முடிச்சப்ப நெஞ்சு நிறைஞ்சு இருந்துச்சு.

கடைசிப் பாட்டைப் பத்தி எழுதாம விட்டுடலாம்னு பார்த்தேன். சட்டப்படி அது தப்பு. அதனால எழுதறேன்.

அவங்களோட முதல் ஆல்பத்துல இருந்த "தலைவிதி"யை இதுல மறுபடி பாடியிருக்காங்க. நீங்க பச்சை குத்தின கையை எல்லாருக்கும் காட்டின அன்னைக்கு, நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அண்ணி, எழுத்துப் பிழையைக் கையில குத்திட்டு வந்திருக்கீங்க. அது தலைவி தீ இல்ல, தலைவிதி." அதுல நான் இப்பவும் மாறல. காது கேட்காதவங்க டிவி பார்க்கிறதுக்குச் சப்டைட்டில் எழுதறதுதான் என் பிழைப்பு. என்ன காதுல விழுதோ அதை எழுதறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பழைய பாட்டுல அது "தலைவிதி"தான்.

ஆனா இந்தத் தடவை சங்கு "தலைவி"ன்னு சொல்லி நிறுத்தறாங்க. உலக்கை ஒரு அடி போடறார். அதுக்கப்புறம் "தீ". "விதி"யில வர்ற தி மெத்துனு இருக்கும், "தீ" பல்லுல இடிச்சுக்கிட்டு வரும். இது இடிச்சுது. எனக்குக் கேட்டது இதுதான். எழுதிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 16

கமாவுக்கு

நான் உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன். கடைக்குப் போற சீட்டுல சோப்புக்கும் சீப்புக்கும் நடுவுல கமா போட்டவ நீ. என் கடிதத்துல ஒண்ணு கூட இருக்காது. தேடாத.

உன் கடிதத்தை நான் பிரிக்கல. உங்க அண்ணன் பிரிச்சுச் சத்தமாப் படிச்சார். நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். காதைப் பொத்தலாம்னா கையெல்லாம் சோப்பு. ஜலதோஷம் பிடிச்ச நீதிபதின்னு வந்த இடத்துல அவர் நிறுத்தினார். அவர்தான் மிக்ஸி வாஷிங் மெஷின்னு ஊர் மெஷினை எல்லாம் பிரிச்சு மேயறவர் ஆச்சே. ரெக்கார்டு போடற மெஷினும் கைக்கு வந்திருக்காம். "அதுல முப்பத்து மூணு நாப்பத்தஞ்சுன்னு ரெண்டு வேகத்துக்கு ஒரு குமிழ் இருக்கும். டாக்டர் தூங்கற பாட்டு கேட்கிறவர்னா அது முப்பத்து மூணுல நின்னிருக்கும். இவ பார்த்தாளா"ன்னார். அப்புறம் அவரே ஃபோன்ல அந்த ஆல்பத்தைப் போட்டு உள் ரூம்ல போய்க் கேட்டார். நம்ம பாட்டுன்னா காதுல பஞ்சு வைக்கிற மனுஷன். வெளிய வந்து சொன்னார். "அந்தம்மா குரல் எங்கயும் இறங்கல. என் காதுலதான் இறங்குச்சு."

கமா. நீ நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியதை முப்பத்து மூணுல ஓட்டிக் கேட்டுட்டு கம்பீரம் முதுமைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீ சறுக்கி விழுந்து அங்கேயே படுத்துக்கிட்டு இடம் ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்க. நான் சிரிச்ச சிரிப்புல தட்டு கை நழுவிடுச்சு. ரொம்ப நாள் கழிச்சு உன்னால சிரிச்சேன்.

சிரிச்சு முடிச்ச பிறகு கோபம் வந்துச்சு. அதையும் எழுதறேன். சட்டம் எனக்கும்தான்.

நான் பழைய டிரைவிங் ஸ்கூல்ல இருந்தப்ப அந்த ஓனர் என்னை வண்டியில இருந்து இறக்கி ஆபீஸ்ல உட்கார வெச்சது உனக்குத் தெரியும். பொம்பளை சொல்லிக் கொடுத்தா ஆம்பளைங்க வர மாட்டாங்களாம். வீட்டுல வந்து சொன்னா அத்தை ஆகட்டும் எங்க அம்மா ஆகட்டும் ஒரே பாட்டு. எல்லாம் உன் தலைவிதி பொறுத்துக்கோ. அன்னைக்கு பஸ்ல நீ இயர்ஃபோன்ல ஒரு பக்கத்தை என் காதுல சொருகின. சங்கு கத்தினாங்க. தலைவி தீ தலைவி தீ. என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். நடு வழியில இறங்கிப் போய் ஓனர் மேசையில ஆபீஸ் சாவியை வெச்சுட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் என் சொந்த வண்டி என் சொந்த ஸ்கூல் எல்லாம். அந்தச் சொல்லைத்தான் கையில குத்திக்கிட்டேன்.

நீ எல்லாரும் இருக்கிறப்ப அது தலைவிதின்னு சொல்லிச் சிரிச்ச. அத்தைக்குச் சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. அப்ப இருந்து இந்த வீட்டுல என் பேரு தலைவிதி. உன் சித்தப்பா வீட்டு ஆளுங்க ஃபோன் பண்ணினா தலைவிதி இருக்காளான்னு கேட்கிறாங்களாம். எந்தச் சொல்லைத் தூக்கி எறிஞ்சுட்டு வந்தேனோ அதையே காசு கொடுத்துக் கையில எழுதிக்கிட்டு வந்திருக்கேன். வேகாத வெயில்ல வண்டிக்குள்ள முழுக்கைச் சட்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். நீ இப்ப வந்து தப்பான வேகத்துல கேட்டுட்டு தலைவி தீன்னு கேட்டுச்சுங்கற. அந்த வேகத்துல நாய் குரைச்சாக்கூட அப்படித்தான் கேட்கும்.

நான் அந்த ஆல்பத்தைக் கேட்கல. கேட்கவும் மாட்டேன். பச்சை குத்தறவர்கிட்டப் பேசிட்டேன். அந்த எழுத்து மேல மீன்தான் சரியா உட்காருமாம். ஏப்ரல் ரெண்டாவது சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கார். மீனுக்கு எழுத்துப் பிழை வராது.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கடிதத்தைப் படிச்ச கையோட மெஷினைப் பார்த்தேன். குமிழ் முப்பத்து மூணுலதான் இருந்துச்சு, ரெக்கார்டு நடுவுல நாப்பத்தஞ்சுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பல் டாக்டர்கிட்டக் கேட்டா, "நீங்க போட்டப்பவே கேட்கலாம்னு நினைச்சேன்மா. யாரோ தவறிட்டாங்க போலன்னு பேசாம இருந்துட்டேன்" அப்படின்னார். இது எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாது. எங்க எடிட்டருக்கு ஏற்கெனவே என்னைப் பார்த்தா ஆகாது.

நாப்பத்தஞ்சுல போட்டேன். சட்டப்படி இதுதான் முதல் கேட்பு, போன கடிதம் செல்லாது.

அண்ணி, அவங்க மாறவே இல்ல. ஒரு இழை கூட இறங்கல. முதல் பாட்டு ஆரம்பிச்ச வேகத்துல நான் சுவர்ல வெச்சிருந்த காலை எடுத்துட்டு எழுந்து நின்னுட்டேன். சங்கு கத்துறாங்க பாருங்க, ஃபோன்ல காக்க வெச்ச அத்தனை பேரும் எங்க இருந்தாலும் ஓடி வந்து மன்னிப்பு கேட்கணும். "லிஃப்ட் வேலை செய்யவில்லை"யில முட்டி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல, உலக்கை படியை நாலு நாலாத் தாவறார். "வரிசையில் வரவும்"னு ஒரு பாட்டு, ஆரம்பிச்சுதா முடிஞ்சுதான்னே தெரியல, ஆனா எனக்கு மூச்சு வாங்குது. கடைசி ஆல்பம்னா உருகி உருகிப் போயிட்டு வரேன்னு பாடுவாங்கன்னு பயந்தோம் இல்ல? போற போக்குல கதவை உதைச்சுத் திறந்து வெச்சுட்டுப் போறாங்க. நான் தனியா அறையில குதிச்சேன். டாக்டர் கீழ இருந்து தட்டினார், நான் நிறுத்தல. (தரை அதிரும் சத்தம், தொடர்கிறது.)

இப்ப கடைசிப் பாட்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சரியான வேகத்துல, என்னால உறுதியாச் சொல்ல முடியல. உலக்கையோட அடி இருக்கு, ஆனா அது கண் சிமிட்டற நேரத்துல போயிடுது. ஒரு தடவை "தலைவி, தீ"ன்னு கேட்குது. அடுத்த தடவை "தலைவிதி". எனக்கு என்ன வேணும்னு என் காதுக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால அதை நம்ப முடியல. உறுதியாக் கேட்டுச்சுன்னு எழுதியிருந்தா நீங்க என்கூடப் பேசியிருப்பீங்க. பொய் சொல்லிச் சமாதானம் ஆக எனக்குப் பிடிக்கல.

ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியும். மூணாவது தடவை கச்சேரிக்குப் போனப்ப நீங்க முன் வரிசையில நின்னு அந்தச் சொல்லைக் கத்தினீங்க. பக்கத்துல இருந்தவங்களும் சேர்ந்து அப்படியே கத்தினாங்க. நான் ஒருத்திதான் "தலைவிதி, தலைவிதி"ன்னு முனகிட்டு இருந்தேன். சங்கு பாட்டை விட்டுட்டு மைக்கை உங்க பக்கம் நீட்டினாங்க. சும்மா குஷியில நீட்டினாங்கன்னு அன்னைக்கு நினைச்சேன். இப்ப அப்படித் தோணல, நீங்க கத்தினது அவங்க காதுல விழுந்திருக்கு.

மீன் வேண்டாம் அண்ணி. முதல்ல நீங்க கேளுங்க.

உங்கள் நாத்தனார்


மார்ச் 29

கமாவுக்கு

முடியாது.

நான் வீம்புக்குச் சொல்றேன்னு நினைக்காத. பயத்துல சொல்றேன். இது வரைக்கும் சிரிச்சது நீயும் நம்ம வீட்டு ஆளுங்களும்தான். அதைத் தாங்கிக்கிட்டேன். நான் போட்டுக் கேட்டு அதுல தலைவிதின்னே இருந்துட்டா சங்குவே என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி ஆயிடும். அப்ப நான் பஸ்ல இருந்து இறங்கினதுக்கு என்ன அர்த்தம். யாரோ யாரையோ கூப்பிட்டதுக்கு நான் எழுந்து போயிருக்கேன்னு ஆகும்.

கேட்காம இருந்தா ஒரு சந்தேகமாவது மிச்சம் இருக்கும். அது போதும் எனக்கு.

மீன் பச்சை நிறத்துல வேணுமா நீலத்துல வேணுமான்னு கேட்டார். நீலம்னு சொல்லிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணி,

சுருக்கமா எழுதறேன். நான் சொன்னது சரி. சிரிச்சது தப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டது என் புத்தி.

யாரோ கூப்பிட்டதுக்கு எழுந்து போனதா எழுதியிருக்கீங்க. அந்த பஸ்ல இன்னொரு இயர்ஃபோன் என் காதுல இருந்துச்சு. நான் சரியாக் கேட்டேன், இருந்த இடத்துலயே உட்கார்ந்திருந்தேன். நீங்க தப்பாக் கேட்டீங்க, இறங்கிப் போனீங்க. நீங்க போறதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டே போனேன். எனக்குப் பொறாமையா இருந்துச்சு, இது வரைக்கும் சொன்னதில்ல.

கடைசிக் கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். மீனோட வந்தாலும் வாங்க.

உங்கள் கமா


ஏப்ரல் 8

கமாவுக்கு

நீ இப்ப நின்னுட்டு இருந்தா உட்காரு. இது கொஞ்சம் நீளம்.

என்கிட்ட ஒரு நர்ஸம்மா வண்டி ஓட்டக் கத்துக்கிறாங்க. ரிட்டயர் ஆனவங்க. ஊசி போட்டே பாதி ஊரை அழ வெச்சவங்க. க்ளட்ச்சைக் கண்டா மட்டும் கை கால் உதறும். சமதரையில ஓட்டிடுவாங்க. தண்ணி டேங்க் பக்கத்து மேட்டுல ஏத்தச் சொன்னா வண்டி பின்னாடி உருளும். இவங்க கண்ணை மூடிக்குவாங்க. நான்தான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சு நிறுத்துவேன். இது பல நாளா நடக்கிற கூத்து.

நேத்தும் மேட்டு நடுவுல வண்டி நின்னு போச்சு. பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன்ல கையை வெச்சவன் எடுக்கவே இல்ல. நர்ஸம்மா ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு கையையும் எடுத்துட்டாங்க. எடுத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா. "விடுங்க மேடம். எனக்கு வண்டி ஓட்ட எழுதி வைக்கல. இது என் தலைவிதி."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்துச்சுன்னு தெரியல. இறங்குங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. உன் அண்ணன் என் ஃபோன்ல அந்த ஆல்பத்தை ஏத்தி வெச்சிருந்தார். நான் கேட்காமலே அவர் பண்ணின முதல் உருப்படியான காரியம். நான் எதையும் யோசிக்காம கடைசிப் பாட்டைத் தட்டி வண்டி ஸ்பீக்கர்ல அலற விட்டேன். "அம்மா அந்த டிரம் அடிக்குதே அதைக் கேளுங்க. அடுத்த அடி விழறப்ப க்ளட்ச்சை மெதுவா விடுங்க. வேற எதையும் நினைக்காதீங்க"ன்னேன்.

பல்லவி வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன் எனக்கு ஒண்ணும் கேட்கல. நெஞ்சு அடிச்ச அடியில காது அடைச்சுப் போச்சு. இத்தனை நாள் பயந்து பயந்து கடைசியில அது வந்தப்ப நான் கேட்கவே இல்ல. ஆனா வண்டி ஏறுச்சு கமா. உருளல. உதறல. நர்ஸம்மா மேட்டை ஒரே மூச்சுல ஏத்தி டேங்க் நிழல்ல கொண்டு போய் அழகா நிறுத்தினாங்க. கை பிரேக்கைக் கூடச் சொல்லாமலே போட்டாங்க. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டாங்க.

"யாரு மேடம் அந்தத் தலைவி? எதுக்குத் தீ கேட்கிறாங்க?"

நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவங்களுக்கு என்னடா இது நம்ம ஏதாவது தப்பாச் சொல்லிட்டோமான்னு பயம். "தலைவின்னு கூப்பிட்டு அப்புறம் தீன்னு சொல்றாங்களே அதைத்தான் கேட்டேன்"னாங்க. யோசிச்சுப் பாரு. ஒரு நிமிஷம் முன்னாடி தலைவிதின்னு தன் வாயாலயே சொன்னவங்க. அந்தச் சொல்லு நாக்குல ஈரம் காயாம இருக்கு. எங்கிட்ட எந்தக் கதையும் கேட்டதில்ல. முழுக்கைக்கு உள்ள என்ன இருக்குன்னும் தெரியாது. அவங்க காதுக்கே தலைவி தீன்னுதான் விழுந்திருக்கு.

நீ சும்மா விடுவியா. அதனால உனக்காகவே ஒரு சோதனை பண்ணினேன். பழைய பாட்டைத் தேடிப் போட்டேன். முதல் ஆல்பத்துல இருக்கிறதை. நர்ஸம்மா கொஞ்ச நேரம் கேட்டுட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. "இது வேற மேடம். இது தலைவிதின்னு புலம்புது. முன்னாடி போட்டதே நல்லா இருந்துச்சு."

ஆக நீ சொன்னது சரி. பழசுல தலைவிதிதான். உன் காதுல குறை இல்ல. என் காதுலயும் குறை இல்ல. நான் கொஞ்சம் சீக்கிரமாக் கேட்டுட்டேன். அவ்வளவுதான்.

நான் அழுதேன். நர்ஸம்மா பதறிப் போய் நாடி பிடிச்சுப் பார்த்தாங்க. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். அவங்க எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு "அட அந்தத் தலைவி நீங்கதானா"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது.

டேங்க் நிழல்லயே முழு ஆல்பத்தையும் கேட்டோம். சட்டப்படி எழுதறேன். முதல் பாட்டுல எனக்கு இருபது வயசு குறைஞ்சுது. வரிசையில் வரவும் பாட்டுக்கு நர்ஸம்மா ஆஸ்பத்திரி டோக்கனை நினைச்சுக்கிட்டு சங்குவோட சேர்ந்து திட்டினாங்க. நடுவுல ஒரு பாட்டு சுமார். அட்டையில பேரைப் பார்த்துக்கோ நான் சொல்ல மாட்டேன். கடைசிப் பாட்டைத் திரும்பப் போட்டு இந்தத் தடவை நானே கேட்டேன். நீ எழுதின மாதிரியே ஒரு அடி இருக்கு. சங்கு என்னைக் கூப்பிட்டு நிறுத்தி நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் சொன்ன மாதிரி இருந்துச்சு. இனிமே அவங்க பாட மாட்டாங்கன்னா பரவாயில்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க.

திரும்பி வர்றப்ப அரைக் கையோட வந்தேன். காத்து பட்டு சுகமா இருந்துச்சு. வீட்டுக்குள்ள நுழையறப்பவே அத்தைகிட்டப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "என்னமோ சொல்றா. தலைவியாம்"னாங்க. அது போதும்.

பச்சை குத்தறவர்கிட்ட வர மாட்டேன்னு சொல்லல. சனிக்கிழமை போறேன். அங்க எனக்கு வேற வேலை இருக்கு.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சேன். படிக்கக் கூடாத இடத்துல படிச்சுட்டேன். எடிட்டர் வந்து என்னாச்சுன்னு கேட்டார், கண்ணுல தூசின்னேன். ரெண்டு கண்ணுலயுமான்னார். (விசும்பல். பின்னணியில் டிரம்.)

அந்த நர்ஸம்மாவை நான் பார்க்கணும். இத்தனை வருஷமா எனக்கு ஒரு சொல் கேட்குதா இல்லையான்னு சந்தேகமே வந்ததில்ல. முதல் தடவை வந்துச்சு, அதைத் தீர்த்து வெச்சது க்ளட்ச்சைப் பார்த்துப் பயப்படற ஒருத்தங்க.

ஒரு வேண்டுகோள். உங்க கடிதம் முழுக்க ஒரு கமா கூட இல்ல. எங்க மூச்சு விடறதுன்னே தெரியாம, மேடு ஏறின வண்டி மாதிரி எனக்கு இழுத்துச்சு. எங்கயாவது ஒண்ணே ஒண்ணு போடலாம் இல்லையா?

சனிக்கிழமை என்ன வேலை? மீனா, இல்லையா? சொல்லாம விட்டுட்டீங்களே.

உங்கள் கமா


ஏப்ரல் 14

கமாவுக்கு

போனேன். அவர் நீல மீனை வரைஞ்சு தயாரா வெச்சிருந்தார். கண்ணு செதில் எல்லாம் பிரமாதமா இருந்துச்சு. அதைச் சுவர்ல மாட்டிக்கோங்கன்னு சொல்லிட்டுக் கையை நீட்டினேன். தலைவிக்கும் தீக்கும் நடுவுல இருக்கிற இடத்தைக் காட்டினேன். "இங்க ஒண்ணே ஒண்ணு போடுங்க"ன்னேன். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்கன்னு கேட்டார். ஊசி பட்டதும் எடுத்ததும் தெரியல. இப்ப சரியா இருக்கு. உலக்கை எங்க அடிக்கிறாரோ அங்கேயே உட்கார்ந்திருக்கு.

நீ கேட்ட கமாவும் அதுதான். காகிதத்துல போட மனசு வரல. அழிஞ்சு போயிடும்.

உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். உடனே கூப்பிடாத. நிஜமாவே குளிக்கப் போறேன்.

கச்சேரிக்கு நர்ஸம்மாவும் வர்றாங்க. அவங்களுக்கு டிக்கெட் நான் எடுத்துட்டேன். போறப்ப வண்டியை மேடு வர்ற இடத்துல எல்லாம் அவங்கதான் ஓட்டுவாங்களாம். உன் அண்ணன் பின் சீட்ல பஞ்சோட வர்றார்.

வீட்டுக்கு வந்து கையைக் காட்டினதும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்ன குத்திட்டு வந்தேன்னு முதல்ல அவருக்குப் பிடிபடல. கமான்னு சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டிட்டார். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் பேரைக் குத்திக்கணும்னு உனக்குத் தோணல. என் தங்கச்சி பேரைக் குத்திட்டு வந்து நிக்கிற."

முன் வரிசையில இடம் பிடிச்சு வை, கமா.

அண்ணி